ட்ராயிங்கில் கேட்பது, ரேட்டில் கொடுப்பது

உற்பத்திப் பொறியாளர் என்றுதான் என் நியமன ஆணையில் இருந்தது. ஆனால் எனக்கென்று ஒரு மெஷின்கூடக் கிடையாது. என் மெஷின்கள் எல்லாம் கோவையிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் அடுத்தவர் ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்தன. எங்களுடையது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கியர்பாக்ஸ் பாகங்களை அசெம்பிள் செய்கிற கம்பெனி. வார்ப்பு, கடைசல், ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் எல்லாம் வெளியிலிருந்து வரும். எது எங்கே இடறினாலும் ஃபோன் எனக்கு வரும்.

பர்ச்சேஸ் துறைக்கு மார்க் போடுவது, வருடத்தில் எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள் என்பதை வைத்து. தரத்துறைக்கு மார்க் போடுவது, பத்து லட்சம் பீஸுக்கு எத்தனை ரிஜெக்ட் என்பதை வைத்து. இரண்டு பேரும் பேசுவது ஒரே சப்ளையரிடம்தான். ஆனால் ஒருவர் பேசியது மற்றவருக்குத் தெரியாது. காலையில் ஒருவர் கூப்பிட்டு ரேட்டில் 3 சதவீதம் குறைக்கச் சொல்வார். சாயங்காலம் இன்னொருவர் கூப்பிட்டு, ஒவ்வொரு பீஸையும் செக் பண்ணி அனுப்பச் சொல்வார். கோவை கணபதியில் ஃபவுண்டரி நடத்தும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சார், ட்ராயிங்ல கேக்கறதை ரேட்ல குடுக்க மாட்டீங்கறீங்களே?" இந்த வேலையின் சிக்கல் முக்கால்வாசி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பது என் கட்சி. நடுவில் நிற்கிற இன்ஜினீயர் ட்ராயிங்கையும் ரேட்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் பழி கடைசியில் ஆபரேட்டர் தலையில் விழும்.

ஒரு கேஸைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

6206 பேரிங் உட்காருகிற ஒரு மெல்லிய சுவர் கொண்ட ஹவுசிங், அதாவது பேரிங்கைத் தாங்குகிற கூடு. பேரிங்கின் வெளிவிட்டம் 62 மி.மீ. ஹவுசிங்கின் போருக்கு, அதாவது கடைந்த உள்துளைக்கு, எச்7 டாலரன்ஸ் (அளவு விலக அனுமதித்த எல்லை): 62.000-க்கும் 62.030-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எங்கள் அசெம்பிளி லைனில் சில பீஸில் பேரிங் கையால் தள்ளினாலே போகிறது, சில பீஸில் பிரஸ் போட்டாலும் முரண்டு பிடிக்கிறது. சப்ளையர் அனுப்பிய ரிப்போர்ட்டில் எல்லா பீஸும் 62.012 முதல் 62.020-க்குள் அழகாக இருந்தன. ரிப்போர்ட்டைப் பொய்யாக எழுதியிருக்கிறார்கள் என்று எங்கள் ஆட்களுக்குக் கோபம்.

அங்கே போய் நின்று பார்த்தால் பொய் எதுவும் இல்லை. ஆபரேட்டர் போர் டயலை (துளை அளக்கிற முள் கருவி) அளவு தெரிந்த செட்டிங் ரிங்கில் ஒழுங்காக ஜீரோ செய்கிறார், போருக்குள் விட்டு ஆட்டி அளக்கிறார், சுற்றித் திருப்பியும் பார்க்கிறார். முள் இரண்டு மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் நகரவில்லை. போர் நல்ல வட்டம் என்றுதான் யாரும் சொல்வார்கள். பக்கத்து ஜாபுக்காக வைத்திருந்த 62 எச்7 பிளக் கேஜை, அதாவது துளையைச் சோதிக்கிற அளவான உருளையை, வாங்கி விட்டுப் பார்த்தேன். சரியான துளையில் நுழைந்தே ஆக வேண்டிய கோ பக்கம் வாயிலேயே நின்றுவிட்டது.

காரணம், போர் வட்டமாக இல்லை. மூன்று பக்கம் லேசாக உப்பியிருந்தது. போர் டயல் எதிரெதிர் இரண்டு புள்ளிகளை மட்டும் தொடும். ஒரு பக்கம் உப்பல் இருந்தால் அதற்கு நேர் எதிரே பள்ளமாக இருக்கும். ஆக விட்டம் எங்கே அளந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் வரும். இரண்டு, நான்கு என்று இரட்டைப்படையில் உப்பியிருந்தால் டயல் பிடித்துவிடும். மூன்று, ஐந்து என்றால் பிடிக்காது. பிளக் கேஜ் முழு வட்டமாக உள்ளே நுழைய வேண்டும் என்பதால் அதற்கு இந்த ஏமாற்று நடக்காது, பேரிங்குக்கும் அப்படித்தான்.

மூன்று என்றதும், பீஸை மூன்று தாடையால் பிடிக்கிற மூன்று ஜா சக்தான் நினைவுக்கு வரும். மெல்லிய சுவரை ஹைட்ராலிக் சக் மூன்று இடத்தில் அழுத்திப் பிடிக்கிறது. அழுத்திய நிலையிலேயே போர் போட்டால் அது வட்டமாகத்தான் வரும். சக்கைத் திறந்ததும் சுவர் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஜா பிடித்திருந்த மூன்று இடத்திலும் போர் வெளியே உப்புகிறது. சக் பிரஷரை ஏன் இவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ரஃபிங்கும் (முதல் முரட்டு வெட்டு) ஃபினிஷிங்கும் (கடைசி அளவு வெட்டு) ஒரே பிடியில் முடிக்கிறோம் சார், ரஃபிங் ஃபீடுக்கு இந்தப் பிரஷர் இல்லாவிட்டால் பீஸ் வழுக்கும் என்றார் சூப்பர்வைசர். முன்னால் இரண்டு தனிச் செட்டப்பாகத்தான் செய்தார்களாம். ஏன் மாற்றினீர்கள்? போன வருடம் ரேட் குறைத்தபோது சைக்கிள் டைமை (ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்) அங்கேதான் சுருக்க முடிந்தது.

அதாவது, அந்த மூன்று உப்பலும் எங்கள் பர்ச்சேஸ் மீட்டிங்கில் போட்டது.

சரிசெய்யும் வழி எல்லாக் கடைசல்காரர்களுக்கும் தெரிந்ததே. ரஃபிங் தனி. ஃபினிஷிங்குக்குப் பீஸின் வெளிவிட்டத்தை முழுக்க அணைத்துப் பிடிக்கிற மாதிரி போர் போட்ட அகலமான சாஃப்ட் ஜா (கடைந்து உருவம் கொடுக்கிற மென்தாடை), குறைந்த பிரஷர். கூடவே, எதை எதில் அளப்பது என்று எழுதிவைக்கிற கன்ட்ரோல் பிளானில் டயலோடு பிளக் கேஜும் சேர வேண்டும். பீஸுக்கு முக்கால் நிமிடம் போலக் கூடும். அந்த முக்கால் நிமிடத்துக்குக் காசு யார் தருவது என்பதில்தான் நாள் ஓடியது. "குறைத்த ரேட்டைத் திரும்ப ஏற்றினால் மேலே என்ன சொல்வது?" என்றார் எங்கள் பர்ச்சேஸ்காரர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் லைனில் பீஸ் பொறுக்க நிற்கிற ஆட்களின் கூலி, பிரஸ்ஸில் நசுங்கிப் போன பேரிங்கின் விலை, அவசரத்துக்கு அனுப்பிய வண்டி வாடகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். அந்தத் தாளை வைத்து அவரே மேலே பேசி ரேட்டை வாங்கிவிட்டார். பர்ச்சேஸ்காரரிடம் மைக்ரான் பேசினால் காதில் ஏறாது, மைக்ரானை ரூபாயாக்கித் தர வேண்டும். எல்லாக் கம்பெனியிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. நான்கு துறைகளின் நான்கு செலவுத் தலைப்பில் சிதறிக் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ரூபாய் என்றதும் பீஸின் விலைக் கணக்கு இருக்கிற காஸ்ட் ஷீட் பற்றியும் சொல்ல வேண்டும். இன்ஜினீயர்கள் பலர் இதைத் தொடவே மாட்டார்கள், அது பர்ச்சேஸ் வேலை என்பார்கள். ஆனால் அந்த ஷீட்டில் உள்ள பாதி எண்கள் நம்முடையவை. உதாரணத்துக்கு மெஷின் ஹவர் ரேட் 400 ரூபாய், சைக்கிள் டைம் 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 பீஸ், பீஸுக்கு 26 ரூபாய் 67 காசு என்று ஷீட் சொல்லும். நிஜத்தில் இன்செர்ட் (வெட்டுகிற முனை) மாற்ற வேண்டும், ஆஃப்செட் (மெஷினில் போட்ட அளவுத் திருத்தம்) திருத்த வேண்டும், சிப்ஸ் வார வேண்டும், ஆபரேட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்கு 51 நிமிடம் மெஷின் வெட்டினால் பெரிய விஷயம். அப்போது பீஸுக்கு 31 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இந்த நாலரை, ஐந்து ரூபாய் ஷீட்டில் எங்கும் இருக்காது. சப்ளையர் எங்கேயாவது அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். நேர்மையானவர் லாபத்திலிருந்து எடுப்பார். மற்றவர் தேய்ந்த இன்செர்ட்டை இன்னும் ஐம்பது பீஸ் ஓட்டி எடுப்பார். ஃபவுண்டரி என்றால் ஃபெட்லிங்கில் (வார்ப்பைச் சுத்தம் செய்வதில்) எடுப்பார்கள், நமக்கு வருகிற வார்ப்பில் ஃபிளாஷ் (ஓரத்துப் பிசிறு) அப்படியே இருக்கும்.

அதனால் சப்ளையரிடம் விலை கேட்கிற ஆர்.எஃப்.க்யூ. வெளியே போகும்போதே பர்ச்சேஸோடு உட்கார்ந்துவிடுவது நல்லது. ரேட் பேசுவது நம் வேலை இல்லை. ட்ராயிங்கில் காசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுவதுதான். எதுவோடும் சேராத வெளிமுகத்தில் 1.6 ஆர்.ஏ. ஃபினிஷ் (மேற்பரப்பின் வழவழப்பு அளவு) கேட்டிருப்பார்கள், பழைய ட்ராயிங்கிலிருந்து காப்பியாகி வந்திருக்கும். போல்ட் தாராளமாக நுழையும் கிளியரன்ஸ் ஓட்டைக்கு எச்7 இருக்கும். டிசைனிடம் கேட்டு இந்த இரண்டைத் தளர்த்தினாலே, சப்ளையர் கழுத்தைப் பிடிக்காமல் அந்த 3 சதவீதம் கிடைத்துவிடும். டிசைன்காரர்கள் முதலில் மறுப்பார்கள். இந்த முகம் எதில் உட்காருகிறது என்று அசெம்பிளி ட்ராயிங்கில் விரலை வைத்துக் கேட்டால் இறங்கி வருவார்கள்.

அளவுச் சண்டை இன்னொரு வகை. அவர் அளந்தால் ஓ.கே., நாம் அளந்தால் ரிஜெக்ட். இதில் பாதி வெயிலால் வருவது. அளவு என்றால் உலகம் முழுக்க 20 டிகிரியில், நம் சி.எம்.எம். (துல்லியமாக அளக்கிற மெஷின்) ரூம் அதில்தான் இருக்கிறது. அம்பத்தூர் ஷெட் மே மாதத்தில் 36 டிகிரியை அலட்சியமாகத் தாண்டும். 100 மி.மீ. அலுமினியப் போர் ஒரு டிகிரிக்குச் சுமார் 2.3 மைக்ரான் விரியும். 16 டிகிரி வித்தியாசத்துக்கு 37 மைக்ரான் ஆயிற்று. அந்த அளவுக்கு எச்7 டாலரன்ஸே மொத்தம் 35 மைக்ரான்தான். செட்டிங் ரிங் ஸ்டீல் என்பதால் அதுவும் அதே வெயிலில் பாதியளவு விரிந்து ஓரளவு ஈடுகட்டும். ஆனால் அந்த ரிங் ஏ.சி. ரூம் பீரோவிலிருந்து அப்போதுதான் வந்ததென்றால் அதுவும் போச்சு. நான் சொல்வது எளிமையானது: மாஸ்டர் ரிங் (அந்தச் செட்டிங் ரிங்தான்) ஷிஃப்ட் முழுக்க மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும், மெஷினிலிருந்து இறங்கிய பீஸைச் சுடச்சுட அளக்க வேண்டாம். மாஸ்டரும் பீஸோடு சேர்ந்து அலுமினியத்தில் இருந்தால் இன்னும் நிம்மதி. ரிஜெக்ஷன் மெயில் எழுதுவதற்கு முன்னால், எந்த கேஜில் எந்த மாஸ்டரை வைத்து எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று ஒரு ஃபோனில் கேட்டுவிடுவது உறவுக்கு நல்லது.

பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்க சப்ளையர் தருகிற பிபாப் ஃபைல் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். 18 அம்சங்கள், சமர்ப்பிக்கிற அளவில் பெரும்பாலும் மூன்றாம் லெவல். ஃபைல் கனமாக இருக்கும், எஃப்.எம்.இ.ஏ. (எங்கே என்ன தவறலாம் என்ற பட்டியல்) வேறு ஜாபிலிருந்து காப்பி அடித்ததாக இருக்கும்; சில சமயம் பழைய பார்ட் நம்பரைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். நான் பார்ப்பது ரன் அட் ரேட்டைத்தான். பக்கத்தில் நின்று, அவர்கள் கோட் செய்த வேகத்தில் ஒரு ஷிஃப்ட் நிஜமாக ஓடுகிறதா என்று பார்த்தால் அந்தப் பதினெட்டின் லட்சணமும் தெரிந்துவிடும்.

ஃபைலில் வராத ஒன்று உண்டு. ஆர்டர் கூடும்போது சப்ளையர் சத்தமில்லாமல் ஒரு ஆபரேஷனை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிடுவார். வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் ப்ராசஸை மாற்றக் கூடாது என்று பிபாபில் தெளிவாகவே இருக்கிறது, ஆனாலும் நடக்கும். கண்டுபிடிக்கப் போலீஸ் வேலை தேவையில்லை. அந்த ஆபரேஷனின் ஃபிக்சர் (பீஸைப் பிடித்து வைக்கிற சாதனம்) எங்கே என்று கேளுங்கள். ஷெட்டில் ஃபிக்சர் இல்லையென்றால் பீஸும் அங்கே ஓடவில்லை. இல்லாவிட்டால் டெலிவரி சலான் புத்தகத்தைப் புரட்டுங்கள், ஜி.எஸ்.டி. புண்ணியத்தில் எல்லாம் அதில் எழுதியிருக்கும். கண்டுபிடித்ததும் குதிப்பதை விட, அந்தச் சின்னக் கடைக்கே போய்ப் பார்ப்பது மேல். பல சமயம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு லேத் வைத்திருக்கும் அந்த அண்ணன்தான் முழு சப்ளை செயினிலேயே கை சுத்தமான வேலைக்காரராக இருப்பார். அவரையும் கன்ட்ரோல் பிளானுக்குள் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

குறைக்குக் காரணமும் தீர்வும் எழுதி சப்ளையர் அனுப்புகிற 8டி ரிப்போர்ட்டில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு, அறிவுரை கூறப்பட்டது" என்று வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அறிவுரை ஒரு ஆக்ஷன் ஆகாது. அதோடு, கோவை ஃபவுண்டரிகளில் மோல்டிங் லைனில் நிற்பவர்களில் நிறையப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மெஷின் பக்கத்தில் தொங்குகிற ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷன் ஆங்கிலத்தில் இருக்கும், ஆடிட்டருக்காக எழுதியது. ஒருமுறை கோர் (வார்ப்பின் உள்குழிவுக்காக வைக்கிற மணல் உரு) தலைகீழாக உட்கார்ந்து ஒரு லாட் முழுக்க வீணானது. ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். கோரைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உட்காருகிறது. கோர் பிரிண்டில் (கோர் அச்சில் உட்காருகிற முனை) ஒரு பக்கம் சின்ன மேடு ஒன்றை வைத்து, பேட்டர்னிலும் (மணலில் அச்சு எடுக்கிற மாதிரி உரு) அதே இடத்தில் மேடு வைத்தோம், அச்சில் அதற்குப் பள்ளம் விழும். அதற்குப் பிறகு யார் வைத்தாலும் சரியாகத்தான் உட்காரும், எந்த மொழியும் தேவையில்லை.

பர்ச்சேஸ்காரர்களுக்கு மிகவும் பிடித்தமான ஒரு ஐடியா, பேட்டர்னைத் தூக்கிக்கொண்டு விலை குறைவான ஃபவுண்டரிக்கு மாறுவது. பேட்டர்ன் நம் சொத்துதான், காசு நாம் கொடுத்தது. ஜி.எஸ்.டி.யிலும் தொல்லை இல்லை. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற கெடு மோல்டு, டை, ஜிக், ஃபிக்சருக்குப் பொருந்தாது. ஆனால் பேட்டர்ன் என்பது வீட்டுச் சாவி மாதிரி, அந்தப் பூட்டுக்குத்தான் போகும். ஆர்ப்பா 450 என்ற மோல்டிங் மெஷினுக்குச் செய்த பேட்டர்ன் பிளேட், ஹை பிரஷர் லைனின் பெட்டியில் உட்காராது. பாக்ஸ் அளவு மாறினால் ரன்னர், ரைசர் (உருகிய உலோகம் ஓடுகிற வழியும் ஊட்டுகிற குழியும்) மாறும். மணல் எவ்வளவு இறுகுகிறது என்பது மாறும்போது வார்ப்பின் எடையும் அளவும் லேசாக நகரும். பிறகு கடைசல் ஷெட்டில் ஒரு முகத்தில் மெட்டீரியல் போதாமல், வெட்டுப்படாத கறுப்பு நிற்கும். பேட்டர்ன் திருத்தம், புது சாம்பிள், புது பிபாப், அதற்குள் ஸ்டாக் கட்டிவைக்கப் பழைய ஃபவுண்டரியிடமே கெஞ்சிக் கூடுதல் ஆர்டர். போகப்போகிறோம் என்று தெரிந்த ஃபவுண்டரி நம் ஜாபை எந்த ஷிஃப்டில் ஓட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாறவே கூடாது என்று சொல்லவில்லை, மாறித்தான் ஆக வேண்டிய இடங்களும் உண்டு. பேட்டர்னைப் பிரித்துப் பார்த்து, தேய்மானத்தை அளந்து, புது இடத்தின் பாக்ஸ் அளவை வாங்கிய பிறகு மிச்சக் கணக்கைப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக, இன்ஜினீயர்கள் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று நினைக்கிற ஒன்று: பேமென்ட். சின்ன சப்ளையருக்குத் தரம் கெடுகிற முதல் காரணங்களில் இதுவும் ஒன்று. கையில் காசில்லாதவர் இன்செர்ட்டைத் தள்ளிப்போடுவார், கேஜ் காலிப்ரேஷனைத் தள்ளிப்போடுவார். 2006-ஆம் வருடத்து எம்.எஸ்.எம்.இ.டி. சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. ரொம்ப நாள் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவு நடைமுறைக்கு வந்தது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதற்குப் பிறகுதான் எங்கள் அக்கவுன்ட்ஸ் துறையே யார் யாரிடம் உத்யம் பதிவு (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறது என்று தேட ஆரம்பித்தது.

இதில் இன்ஜினீயர் எங்கே வருகிறார்? சரக்கில் குறை என்றால் அது வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. இன்கமிங்கில் (வந்த சரக்கைச் சோதிக்கிற இடம்) ஒரு மூலையில் ஹோல்டு டேக் (நிறுத்திவைப்புச் சீட்டு) கட்டி வைத்துவிட்டு, சி.எம்.எம். காலியாகட்டும், டிசைன் டீவியேஷன் (விலகலோடு ஏற்க அனுமதி) கொடுக்கட்டும் என்று மூன்று வாரம் காத்திருப்பது நம் கம்பெனிகளில் சகஜம். அவ்வளவு நாளும் சப்ளையருக்கு பில் நகராது, அவருக்கு என்ன குறை என்றும் தெரியாது. சட்டமோ நாம் சரக்கை ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் எங்கள் இன்கமிங்கில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஹோல்டு டேக் கட்டுகிறவர் அன்றைக்கே எந்த அளவு, எத்தனை பீஸ், எந்த கேஜ் என்று ஒரு போட்டோவோடு சப்ளையருக்கு மெயில் போட வேண்டும், பர்ச்சேஸுக்கு நகல். மூன்று நாளில் முடிவு எடுக்கவில்லையென்றால் காலை மீட்டிங்கில் அந்த டேக்கின் பெயர் வரும். டீவியேஷனில் கையெழுத்துப் போட வேண்டிய டிசைன் மேனேஜருக்கு இந்த ஏற்பாடு இன்றுவரை பிடிக்கவில்லை.